மடையான் நாலு, சிறை பதினோரு நாள்

2024 மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் ஷட்டரை இறக்கப் போகும் நேரத்தில் போன் வந்தது. எங்கள் ஊர் டீக்கடை அண்ணன். "பாப்பா, உங்கப்பாவ பாரஸ்ட்காரங்க ஜீப்ல ஏத்திக்கிட்டுப் போறாங்க. பையில மடையான் இருந்துச்சாம்" என்றார். மடையான் என்பது கொக்கு மாதிரி ஒரு வயல் பறவை. அது இருந்தால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. எலி பிடிக்கப் போன மனுசனை ஏன் ஜீப்பில் ஏற்ற வேண்டும் என்று புரியவே இல்லை. அந்த ஒரு போனுக்குப் பிறகு ஐந்து மாதம் நான் அலைந்தது, அழுதது, கடன் வாங்கியது எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். அன்றைக்கு இதில் பாதியை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அப்பா பதினோரு நாள் உள்ளே இருந்திருக்க மாட்டார்.

நாங்கள் இருளர். கொள்ளிடத்துக்குத் தெற்கே, வாய்க்கால் புறம்போக்கில் முப்பத்திரண்டு வீடு. எங்கள் குடியிருப்பில் பட்டப்படிப்பு முடித்தவள் நான் ஒருத்திதான். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அப்பாவின் தொழில் எலி. சம்பா அறுவடை முடிந்து உளுந்தும் பயறும் முளைத்து நிற்கும் தை, மாசியில் வரப்பு முழுக்க எலி வளையாக இருக்கும். அப்போது அப்பாவைத் தேடி வராத விவசாயி கிடையாது. சிலர் கிட்டி வைக்கச் சொல்வார்கள், தஞ்சாவூர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த மூங்கில் வில் பொறிதான். சாயங்காலம் வைத்துவிட்டு விடியற்காலையில் போய் எடுக்க வேண்டும். எலி அதிகமாக இருந்தால் பானைதான். அடியில் ஓட்டை போட்ட மண்பானைக்குள் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, பானை வாயை வளையோடு சேர்த்துச் சேறு வைத்துப் பூசிவிட்டு, அடி ஓட்டையில் வாயை வைத்து அப்பா ஊதுவார். கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் கொட்டும். அதற்கு முன்பே மற்ற வாசல்களை எல்லாம் தேடிப் பிடித்து மண்ணைப் போட்டு மிதித்திருப்பார். எந்த வளையில் எலி இருக்கிறது, எதில் பாம்பு இருக்கிறது என்று வாசலில் கிடக்கும் மண்ணைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரு வளையைத் தோண்டினால் சில சமயம் மூன்று படி நெல்லுகூட கிடைக்கும். கதிர் கதிராக அடுக்கி வைத்திருக்கும். சின்ன வயதில் அந்த நெல்லில் பொங்கிய சோற்றைத்தான் நாங்கள் சாப்பிட்டு வளர்ந்தோம். எலிக்கு நாற்பது ரூபாய் வீதம் கூலி.

அன்றைக்கும் எலிக்குத்தான் கூப்பிட்டார்கள். நிலத்துக்காரர் வீட்டுக்குச் சென்னையிலிருந்து விருந்தாளி வந்திருந்தார்களாம். "எலியோட ரெண்டு ஜோடி மடையானும் புடிச்சுக் குடு, தனியாப் பணம் தர்றேன்" என்று கேட்டிருக்கிறார். மதகு ஓரம் நைலான் கண்ணி வைத்து நாலு பிடித்திருக்கிறார் அப்பா. காலைக் கட்டிப் பையில் போட்டு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகும் வழியில்தான் பிடித்தார்கள். என் அப்பா பிடித்தது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கேட்டவர் பெயர் வழக்குக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. அன்று ராத்திரியே அவருக்கு ஏழு முறை போன் போட்டேன். ஒரு முறைகூட எடுக்கவில்லை. மறுநாள் வீட்டுக்குப் போனபோது அவருடைய அம்மா திண்ணையில் நின்றுகொண்டே, "அவன் ஊர்ல இல்லம்மா" என்றார். அவருடைய பைக் வாசலில் நின்றது.

பிடித்த அன்று நான் வனத்துறை அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது ராத்திரி எட்டரை. அப்பா தரையில் குந்தியிருந்தார். அடிக்கவில்லை, டீகூட வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் நான் போவதற்குள் மூன்று காகிதத்தில் கைநாட்டு வாங்கிவிட்டார்கள். என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். "தெரியலம்மா, வைக்கச் சொன்னாங்க, வச்சேன்" என்றார். நான் செய்த முதல் தப்பு, அங்கேயே நின்று "இதைப் படித்துக் காட்டுங்கள், நகல் கொடுங்கள்" என்று கேட்காதது. பயத்தில் வாயே வரவில்லை. காக்கிச் சட்டையைப் பார்த்தால் ஓடி ஒளிந்தே பழகிய சனம் நாங்கள். எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் எங்கள் குடியிருப்புக்குத்தான் வண்டி வரும். அந்தப் பயம் படிப்பால் போய்விடவில்லை. ஆனால் நீங்கள் கேளுங்கள். எழுதியதைப் படித்துச் சொன்ன பிறகுதான் கைநாட்டோ கையெழுத்தோ. எந்த விலங்கு, எத்தனை, எந்த இடத்தில், எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், வண்டி எண் என்ன என்பதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், இருபத்து நாலு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். இது யாரிடமும் கெஞ்சிக் கேட்பது கிடையாது, அரசியல் சட்டத்தில் இருப்பது. இன்னொன்று, இது போலீஸ் இல்லையே, வனத்துறையிடம் சொன்னால் என்ன என்று லேசாக நினைக்காதீர்கள். அங்கே கொடுத்த வாக்குமூலம்தான் பின்னால் வழக்கு முழுக்க வந்து நிற்கும்.

அலுவலக வாசலிலேயே ஒருவர் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன். "பதினஞ்சாயிரம் கட்டுனா ராத்திரியே அனுப்பிடுவாங்க, காலையில ஆச்சுன்னா கோர்ட்டுதான்" என்றார். நான் நம்பினேன். ஊருக்குத் திரும்பி ஐந்து வட்டிக்குப் பதினைந்தாயிரம் வாங்கி, ராத்திரி பதினோரு மணிக்கு அவர் கையில் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "காலையில உங்கப்பாவே ரசீது" என்றார். காலையில் அப்பாவை நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கிருந்து கிளைச் சிறை. அந்த ஆளுக்குப் போன் போட்டால், "இன்னும் ரெண்டு நாள், மேல பேசிக்கிட்டிருக்கேன்" என்றார். அப்படியே ஆறு நாளை ஓட்டினார். ஏழாவது நாள் போன் அணைந்திருந்தது. அந்தப் பணம் யார் கைக்கும் போகவில்லை, அவர் பையில்தான் இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதை விட அந்த ஆறு நாள்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்பா உள்ளே சாப்பிடவே இல்லை என்று பக்கத்து அறையில் இருந்தவர் பிறகு சொன்னார்.

ஏழாம் நாள், எங்கள் கடைக்கு வக்காலத்து நகல் எடுக்க வந்த ஒரு குமாஸ்தா நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "பழங்குடி சாதிச் சான்றிதழ் இருக்குல்ல, அப்புறம் ஏம்மா புரோக்கர்கிட்ட போன?" என்றார். அப்போதுதான் தெரிந்தது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பட்டியல் பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. சிறையில் இருப்பவருக்கும் உண்டு, பெண்களுக்கும் உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கு ஓர் அறை இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். நான் ஆறு நாளாக அந்த அறையைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். கையில் வேண்டியது ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்றிதழை தாசில்தார் தர மாட்டார், கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தருவார். அதற்கே வருசக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் எங்கள் குடியிருப்பில் இருக்கின்றன. வழக்கு வந்த பிறகு அதற்கு ஓட முடியாது. இன்றைக்கே விண்ணப்பித்து வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். எங்கள் அதிர்ஷ்டம், என்னுடைய கல்லூரிக்காக வாங்கியது இருந்தது.

அந்த இலவச உதவியில் கிடைத்த வக்கீல் அம்மா ஜாமீன் மனு போட்டார். ஜாமீன் கிடைத்தும் இரண்டு நாள் வெளியே வர முடியவில்லை. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், சொந்த வீட்டு வரி ரசீதோடு. முப்பத்திரண்டு வீட்டில் ஒருவரிடம்கூடப் பட்டா இல்லை, எங்களுக்கு யார் கையெழுத்துப் போடுவது? கடைசியில் டீக்கடை அண்ணனும், எனக்கு எட்டாம் வகுப்பில் பாடம் எடுத்த டீச்சரும் வந்தார்கள். டீச்சர் பள்ளிக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்து, நீதிமன்றத்தில் இரண்டு மணி நேரம் நின்றார். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். உங்களுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று நல்ல நாளிலேயே யோசித்து, இரண்டு பேரிடம் பேசி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று வக்கீல் அம்மா பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார், நானும் தேடித் தேடிப் படித்தேன். எங்கள் ஆட்களில் பலர், ஏன் நானே, பழங்குடிக்கு வேட்டை உரிமை உண்டு என்று நம்பிக்கொண்டிருந்தோம். இல்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பழங்குடியினரின் வேட்டை உரிமையைக் காப்பாற்றும் பிரிவு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு மட்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேன், கிழங்கு, மீன், மேய்ச்சல் என்று எத்தனையோ உரிமைகளைச் சொல்கிறது. பரம்பரை வழக்கப்படி வந்த மற்ற உரிமைகளும் செல்லும் என்று சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே வேட்டையாடுவதும் கண்ணி வைப்பதும் மட்டும் நீங்கலாக என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் பாட்டன் பூட்டனுக்கு எது சோறாக இருந்ததோ அதை மட்டும் குறிப்பாக எடுத்து வெளியே வைத்திருக்கிறார்கள். 2023 ஜனவரியில் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களும் பட்டியல் பழங்குடியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு அக்கா நகல் எடுக்க வந்தபோது, "இனிமே காடை, கவுதாரி புடிச்சா கேக்க மாட்டாங்கல்ல?" என்று என்னிடம் கேட்டார். கேட்பார்கள் அக்கா என்றேன். சான்றிதழ் படிப்புக்கும் வேலைக்கும் உதவும், கண்ணிக்கு உதவாது.

கொல்வது மட்டும்தான் வேட்டை என்றும் நினைக்காதீர்கள். பிடிப்பது, கண்ணி வைப்பது, பிடிக்க முயல்வது, பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பது எல்லாமே சட்டத்தில் வேட்டைதான். வயல் எலிக்கு வழக்கு இல்லை. 2022 திருத்தம் வரும்வரை எலிகள் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தன, அதற்குப் பிறகும் அப்பாவின் எலித் தொழிலுக்குத் தடை வரவில்லை. பாதுகாக்கும் உயிரினங்களைச் சட்டம் அட்டவணைகளாகப் பிரித்திருக்கிறது. மடையான், கொக்கு போன்றவை இரண்டாம் அட்டவணையில் வருகின்றன. தண்டனை மூன்று வருசம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு அபராதம் இருபத்தைந்தாயிரம்தான் இருந்தது, 2022 திருத்தத்தில் கூட்டிவிட்டார்கள். உடும்பும் பால் ஆமையும் முதல் அட்டவணை. அதற்குக் குறைந்தபட்சமே மூன்று வருசம், ஏழு வருசம் வரை போகும். கண்மாயில் மீன் பிடிக்கும்போது ஆமை மாட்டினால் அப்படியே தண்ணீரில் விட்டுவிடுங்கள், சட்டியில் கறியாக இருந்தாலும் குற்றம்தான். இடமும் முக்கியம். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி, கோடியக்கரை மாதிரி சரணாலயத்துக்குள்ளே என்றால், அதே மடையானுக்கு முதல் அட்டவணைக்கு உள்ள தண்டனை வரும். அந்த ஏரிகளின் பறவைகள் சுற்றியுள்ள வயலில்தான் வந்து மேயும், எல்லைக் கல் எங்கே என்று வயலில் நிற்பவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் எலிக்குக் கூப்பிட்டால் எல்லையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வழக்கு இரண்டாம் அட்டவணை, சரணாலயத்துக்கு வெளியே. அதனால் இணக்கக் கட்டணம், அதாவது விசாரணை நடத்தாமல் வனத்துறையிடமே ஒரு தொகையைக் கட்டி வழக்கை முடிக்க வழி இருந்தது. அதே 1972 சட்டத்தின் பிரிவு 54. இது மாவட்ட வன அலுவலர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் முடிவு செய்ய முடியும். உரிமை என்று கேட்க முடியாது, அவர் ஏற்றுக்கொண்டால்தான் உண்டு. சட்டப்படி ஐந்து லட்சம் வரைகூடத் தொகை சொல்லலாம். குறைந்தபட்ச சிறைத் தண்டனை உள்ள குற்றத்துக்கு, அதாவது உடும்புக்கும் ஆமைக்கும், இந்த வழியே கிடையாது. மனுவில் வருமானம், சாதி, முன்பு வழக்கு எதுவும் இல்லாதது, வண்டியின் மதிப்பு எல்லாவற்றையும் ஆதாரத்தோடு எழுதினோம். இருபத்தைந்தாயிரம் என்று முடிவானது. ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதை நீதிமன்றத்தில் கொடுத்து, வழக்கு முடிந்ததற்கான உத்தரவு நகலையும் வாங்கி வைத்திருக்கிறேன். வாசலில் யாராவது "கட்டிவிடலாம்" என்று சொன்னால் அது இந்தத் தொகை கிடையாது. உள்ளே, அதிகாரியின் கையெழுத்தோடு, அரசு ரசீதோடு கட்டுவதுதான் கணக்கு.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். புரோக்கருக்குப் பதினைந்தாயிரம், கட்டணம் இருபத்தைந்தாயிரம், பஸ், சாப்பாடு, நகல் எல்லாம் 3,800. முப்பதாயிரம் கடனுக்கு ஐந்து மாத வட்டி 7,500. மொத்தம் 51,300 ரூபாய். மீதி பத்தாயிரம் அண்ணன் கம்பெனியில் முன்பணம் வாங்கி அனுப்பியது. எலி சீசனில் அப்பா சம்பாதிக்க வேண்டிய கூலி, கடைக்குப் போகாத நாளுக்கு எனக்குப் பிடித்த சம்பளம் எல்லாம் தனி. வண்டி இன்னும் வரவில்லை. குற்றத்துக்குப் பயன்படுத்திய வாகனம் அரசுடைமை என்று சட்டம் சொல்கிறது. அப்பா இப்போது பானையையும் கடப்பாரையையும் தோளில் வைத்துக்கொண்டு நடந்துதான் போகிறார்.

பறவைகளைப் பற்றியும் மனசைத் திறந்து சொல்ல வேண்டும். பிடித்த நாலையும் மறுநாள் காலை அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த குளத்தங்கரையில் விட்டார்கள். அப்பாவை நீதிமன்றத்துக்கு ஏற்றுவதற்கு முன்னால். நானும் நின்று பார்த்தேன். மடையான் உட்கார்ந்திருந்தால் சேற்று நிறம், கண்ணுக்கே தெரியாது. எழும்பினால்தான் இறக்கை அத்தனை வெள்ளை. மூன்று அப்படி வெள்ளையாக எழும்பிப் போயின. நாலாவது இரண்டு அடி தத்தி உட்கார்ந்துவிட்டது. கண்ணி அதன் காலை அறுத்திருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாமீனில் வந்த அன்று என்னிடம் முதலில் கேட்டது, "அந்தக் கால் ஒடஞ்சது பொழச்சுதா?"

அவரே சொல்கிறார், முன்பு மேட்டூர்த் தண்ணீர் வந்து மதகு திறந்தால் மடையானும் உண்ணிக்கொக்கும் நாரையும் வயல் தெரியாமல் வந்து இறங்கும், இப்போது அதில் கால்வாசி இல்லை என்று. "நாங்க புடிச்சது எங்க சட்டிக்கு. ராத்திரி வல விரிச்சு சாக்கு சாக்கா அள்ளி ரோட்டுல விக்கிறவன் தனி. மருந்தடிச்சு தவளையெல்லாம் செத்துப்போச்சு, அப்பறம் கொக்கு எதத் தின்னும்?" என்கிறார். அதற்காக எங்கள் கண்ணியை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. குறைந்துகொண்டே வரும் ஒன்றை இன்னும் நாலு குறைப்பது தப்புதான், அதுவும் விருந்தாளியின் தட்டுக்காக. ஆனால் சாக்கு வியாபாரிக்கும், கேட்டு வாங்கித் தின்பவருக்கும், கூலிக்குப் பிடித்தவருக்கும் ஒரே சட்டம் என்று இருக்கும்போது உள்ளே போவது எப்போதும் கூலிக்குப் பிடித்தவர்தான். வயலில் நிற்கும் ஒவ்வொரு பறவைக்கும் பெயரும் பழக்கமும் தெரிந்த ஒரு மனுசனை அந்த இலாகா குற்றவாளியாக மட்டும்தான் பார்த்தது. இது எனக்கு வலிக்கிறது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரம் நின்றுபோனபோது செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் சொந்தங்களும் இப்படித்தான் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். 1978இல் அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. உயிர் காக்கும் மருந்துக்காக விஷம் எடுக்க அனுமதி தரலாம் என்று அதே 1972 சட்டத்தில் வழி இருக்கிறது. உரிமம் வாங்கிப் பிடிக்கிறார்கள், விஷம் எடுக்கிறார்கள், பாம்பைத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். அவர்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே மலைப்பாம்பு பிடிக்கப் போனார்கள், 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. டெல்டாவில் எலிக்கு விஷ மருந்து வைக்கிறார்கள், செத்த எலியைத் தின்று ஆந்தையும் சாகிறது. அந்த மருந்துக்குப் பதிலாக எங்கள் ஆட்களுக்கு அடையாள அட்டையும் நிலையான கூலியும் கொடுத்து எலி பிடிக்க வைக்கலாம், பறவை வலை விரிக்கும் இடங்களைக் காட்டிக் கொடுக்கும் காவலராகவும் எடுக்கலாம். இதைக் கேட்டு, எங்கள் குடியிருப்பின் பதினெட்டுப் பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து, ஆட்சியர் குறைதீர் நாளில் மனு கொடுத்திருக்கிறேன். மனு எண் வந்திருக்கிறது, பதில் வரவில்லை.

போன வாரம் சாயங்காலம் பைக்கில் ஒருவர் வந்தார். "பெரியவரே, ஜோடி நானூறு, ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு ஜோடி மடையான் கிடைக்குமா?" என்றார். அப்பா கிட்டிக்கு நரம்பு கட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "உங்க பேரும் அட்ரசும் என் பொண்ணுகிட்ட எழுதிக் குடுங்க தம்பி, அப்பறம் பேசலாம்" என்றார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் பைக் வாய்க்கால் திருப்பத்தைத் தாண்டிவிட்டது.